மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்து, கேஸ் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

மலையடிவாரம்
ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம். ஊர் பெயரும் ஸ்டேஷன் பெயரும் இப்போதைக்கு வேண்டாம்.

என் தம்பிக்கு 26 வயது. சொந்தமாக டாடா ஏஸ் ஓட்டுகிறான். பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றி ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோவதுதான் பிழைப்பு. பதினோரு நாளைக்கு முன்னால், புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும், லோடு ஏற்றிக்கொண்டு போனவனை இரண்டு பைக்கில் வந்தவர்கள் மறித்தார்கள். யாரும் யூனிஃபார்மில் இல்லை. சாவியையும் போனையும் வாங்கிக்கொண்டு, அவனைப் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போய்விட்டார்கள். ஏதோ பைக் திருட்டில் சந்தேகமாம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. கோர்ட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. உண்மையான ஆள் வேறு ஊரில் சிக்கிவிட்டான் என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனில் கேட்டபோது, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றார் ஒருவர். அவர் சொல்லும்போது, வாசல் பெஞ்சுக்கு அடியில் எங்கள் அம்மாவின் தூக்குவாளி இருந்தது. மூடியில் எங்கள் அப்பா பெயர் வெட்டியிருக்கும். மத்தியானம் அம்மா சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தது அதில்தான்.

தம்பி திரும்பி வந்தபோது காலில் செருப்பில்லை. உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வண்டி மூன்று நாளும் ரோட்டோரமே நின்றது. மாற்றுச் சாவி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். 42 கிரேட் தக்காளி. அடிக் கிரேட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டி ரோட்டில் வழிந்து ஓடியிருந்தது. தோட்டக்காரர்களுக்கு நாங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்.

"விட்டுவிட்டார்களே, அதுவே போதும்" என்கிறார் சித்தப்பா. எனக்கு மனசு ஆறவில்லை. இதற்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ஷிஃப்ட்
ஞாயிறு, இரவு 11.15

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்கள் சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது நண்பரே. நீங்கள் பெங்களூருக்குத் திரும்பிப் போய்விடுவீர்கள். தம்பி தினமும் அதே ரோட்டில்தான் வண்டி ஓட்டியாக வேண்டும். நிறுத்தி லைசென்ஸ் கேட்பது, லோடு அதிகம் என்று ஃபைன் போடுவது, எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இவனைக் கூப்பிடுவது என்று எத்தனை வழி இருக்கிறது! என் மாமா பையன் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகார் கொடுத்த பிறகு ஒரு வருஷம் அவன் ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை. யோசித்துச் செய்யுங்கள்.

அரூர் வக்கீல்
திங்கள், காலை 7.20

தம்பி, இடம் இருக்கிறது. விரிவாகவே சொல்கிறேன்.

"விசாரணைக்காக வைத்திருந்தோம்" என்று சட்டத்தில் ஒரு நிலையே கிடையாது. ஒருவன் எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்றால் போக விட வேண்டும். விடாவிட்டால் அது கைது. கைதுக்குரிய முறை எதையும் செய்யவில்லை என்றால் அது சட்டவிரோத அடைப்பு. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைக் கலந்துபேச விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 47ஆவது பிரிவு காரணத்தைச் சொல்லச் சொல்கிறது, 48 குடும்பத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்கிறது, 58 அந்த 24 மணி நேரத்தை வைக்கிறது. உங்கள் தம்பி உள்ளே இருந்தது கிட்டத்தட்ட 65 மணி நேரம்.

இழப்பீடு என்ற உரிமை இந்த நாட்டில் சுலபமாக வந்துவிடவில்லை. 1947இல் மீரட்டில் ரலியா ராம் என்ற தங்க வியாபாரியைப் போலீஸ் பிடித்து, அவரிடமிருந்த தங்கத்தை ஸ்டேஷனில் வைத்தது. தலைமைக் காவலர் அந்தத் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1964இல். போலீஸ் அதிகாரம் அரசின் இறையாண்மைப் பணி, அதில் நடந்த தவறுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1979இல் குடிமை உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோதுகூட, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று எழுதி வைத்துவிட்டுத்தான் சேர்ந்தது.

அதை உடைத்தது 1983இல் ருதுல் ஷா வழக்கு. பீகார்காரர். 1968இல் விடுதலை ஆனவரை 1982 வரை சிறையிலேயே வைத்திருந்தார்கள். பதினாலு வருஷம்! உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இரண்டு வருஷம் கழித்து, சட்டமன்றத்துக்குப் போக விடாமல் காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்கைப் பிடித்து வைத்ததற்கு 50,000. தொகையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் கதவு திறந்தது அப்போதுதான். 1993இல் ஒடிசாவின் நீலாவதி பெஹரா வழக்கில், லாக்கப்பில் மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்சம் கொடுக்கச் சொல்லி, அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மைச் சாக்கு செல்லாது என்று அடித்துச் சொன்னார்கள். 1996 டிசம்பரில் டி.கே. பாசு தீர்ப்பு, 1979இல் எழுதி வைத்த அந்த நிபந்தனைக்கு இனி மதிப்பில்லை என்றது. இன்று ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கிறார்களே, கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டியவை என்று ஒரு போர்டு, அது இந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வழி இருக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் மனு போடலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். எது பொருந்தும் என்பது கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் கேட்கிறேன்: தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா?

மலையடிவாரம்
திங்கள், காலை 8.05

நன்றி சார். கொண்டுபோனோம், ஆனால் பக்கத்து ஊர் கிளினிக்குக்கு. வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லி மாத்திரை வாங்கினோம். யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று மிரட்டி அனுப்பியிருந்ததால் பயம். தப்புப் பண்ணிவிட்டோமா?

அரூர் வக்கீல்
திங்கள், காலை 8.30

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். எந்தத் தேதியில், எங்கே வைத்து, எதால் அடித்தார்கள் என்பதை அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்கள், கேட்டு வாங்குங்கள். பதினொரு நாள் கழிந்தாலும் கன்றிய இடத்தின் நிறம் காயம் எத்தனை நாள் பழையது என்று ஓரளவு சொல்லும். பகல் வெளிச்சத்தில் காலைப் போட்டோ எடுத்து வையுங்கள். கிளினிக் சீட்டையும் கிழித்துவிட வேண்டாம். ஏன் பொய் சொன்னோம் என்பதை மனுவிலேயே எழுதிவிடலாம், எதிர்த்தரப்பு தோண்டி எடுப்பதற்கு முன்னால்.

ஓய்வு ஏட்டு
திங்கள், மாலை 6.10

முப்பத்து நாலு வருஷம் காவல் துறையில் இருந்தவன். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்டேஷனில் பிடித்த நேரம் என்று ஒன்று உண்டு, கைது நேரம் என்று ஒன்று உண்டு. ஆளைப் புதன்கிழமை பிடிப்பார்கள். கேஸ் தேறினால், வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் சந்தேகப்படும்படி நின்றான் என்று எழுதி அன்றைக்கே ரிமாண்ட் செய்வார்கள். 24 மணி நேரக் கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கும். கேஸ் தேறவில்லை என்றால் ஆள் அங்கே வரவே இல்லை. அந்த வெள்ளைத் தாள் கையெழுத்து எதற்கென்றால், பின்னால் பிரச்சினை வந்தால் "காலையில் விசாரணைக்கு வந்தார், மதியம் அனுப்பிவிட்டோம்" என்று மேலே எழுதிக்கொள்வதற்கு. தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார்களா, தேதி இல்லாமலா என்று தம்பியிடம் கேளுங்கள்.

இன்னொன்று. அவனை எந்த அறையில் வைத்திருந்தார்கள்? லாக்கப்பில் வைத்திருந்தால் கேமராவில் இருக்கும். பின்னால் இருக்கும் பழைய குவார்ட்டர்ஸிலோ மாடி அறையிலோ வைத்திருந்தால் அங்கே கேமரா இருக்காது. ஆனாலும் உள்ளே நுழைந்ததும் வெளியே வந்ததும் வாசல் கேமராவில் பதிவாகியிருக்கும். உங்கள் அம்மா தூக்குவாளியோடு வந்ததும் பதிவாகியிருக்கும். மூன்று நாள் ஒரு தாய் சோறு எடுத்துக்கொண்டு வருகிறாள், அதை வாங்கி உள்ளே வைக்கிறார்கள் என்றால் யாருக்கு? அந்தக் கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது.

நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வெளியே போய்ச் சாட்சி சொன்னதில்லை. இப்போது அது என்னைத் தூங்க விடுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரூர் வக்கீல்
திங்கள், இரவு 9.00

ஐயா சொன்ன வாசல் கேமரா விஷயம் தங்கம். 2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நுழைவாயில், லாக்கப், வராண்டா, பின்பக்கம் வரை கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. காயம் பட்டவர் புகார் செய்தால் மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவை வரவழைக்கலாம். ஆனால் நடைமுறையில், கேட்டால் "ஹார்ட் டிஸ்க் பழுது" என்பார்கள். அதனால் பதிவைக் கொடுங்கள் என்று கேட்கும் முன், "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரையிலான பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று எஸ்.பி.க்கும் சேலம் சரக டி.ஐ.ஜி.க்கும் நாளைக்கே ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்புங்கள். மின்னஞ்சலும் அனுப்புங்கள். அதற்குப் பிறகு பதிவு இல்லை என்று சொன்னால், அது அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறும்.

தம்பியின் போன் கடைசியாக எந்த டவரில் இருந்து அணைந்தது என்பதையும் கோர்ட்டோ ஆணையமோ கேட்டால் வாங்க முடியும். வண்டி நின்ற இடத்துப் பெட்டிக்கடைக்காரர் பேசுவாரா என்று பாருங்கள்.

ஊத்தங்கரை அக்கா
செவ்வாய், காலை 11.45

தம்பி, நான் வக்கீல் இல்லை, அனுபவப்பட்டவள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரைத் தேடி வந்தவர்கள், அவர் இல்லை என்றதும் என்னை ஏறச் சொன்னார்கள். கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. ராத்திரி எட்டு மணி. விடிய விடிய ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "அவன் வந்தால் நீ போகலாம்." குழந்தை பாலுக்கு அழுதபோது, பக்கத்தில் இருந்த பெண் காவலர் தன் டிஃபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், அது ஒன்றுதான் அந்த ராத்திரியில் எனக்குக் கிடைத்த கருணை. பெண்களை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கே அழைக்கக் கூடாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதென்றால் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மனித உரிமை ஆணையத்துக்கு நானே கையால் எழுதி அனுப்பினேன். கட்டணம் ஒரு பைசா இல்லை. வக்கீலும் வைக்கவில்லை. நடந்த ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும், அதைத் தவற விட்டால் எடுக்க மாட்டார்கள். அதற்கப்புறம் நாலு வருஷம். வாய்தாவுக்குச் சாமல்பட்டியில் ரயிலேறி சென்னைக்குப் போய் வருவேன். ஆறு தடவை போயிருப்பேன். ஒரு தடவை எதிர்த்தரப்பு வரவில்லை, ஒரு தடவை ஆணையத்தில் உட்கார ஆள் இல்லை. கடைசியில் ஒரு லட்சம் கொடுக்கச் சொல்லி, அந்தத் தொகையைச் சம்பந்தப்பட்ட அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கவும் பரிந்துரை வந்தது.

ஓசூர் தம்பி பயமுறுத்துவது பொய்யில்லை. முதல் ஆறு மாதம் எங்கள் தெருவில் ஜீப் நின்று நின்று போகும். அப்புறம் நின்றுவிட்டது. மனு போனது மேலே தெரிந்த பிறகு யாரும் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் திருட்டு என்றால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இருளர், குறவர் வீடுகள்தான். 2023 ஜூனில் புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் குடும்பத்தினரை ஆந்திரப் போலீஸ் கூட்டிப்போன விஷயம் பேப்பரில் வந்ததே. வெளியே வராதவை எத்தனையோ.

ஓசூர் ஷிஃப்ட்
செவ்வாய், மதியம் 2.20

அக்கா, உங்கள் தைரியத்துக்குத் தலை வணங்குகிறேன். நான் பயமுறுத்த எழுதவில்லை, பயத்தில் எழுதினேன்.

ஒரு சந்தேகம். ஆணையம் கொடுப்பது பரிந்துரைதானே? அரசு "முடியாது" என்றால்?

சட்டம் படிக்கிறேன்
செவ்வாய், மாலை 4.00

அண்ணா, நீண்ட நாள் அந்தக் குழப்பம் இருந்தது. 2021 பிப்ரவரி 5ஆம் தேதி அப்துல் சத்தார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்துவிட்டது. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், செயல்படுத்தியே ஆக வேண்டும் என்று சொன்னார்கள். அதிகாரி அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் அரசு அலமாரியில் போட்டு வைக்க முடியாது.

இன்னொரு பிரிவையும் சிலர் சொல்வார்கள். காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்த புகார்தாரர், கைதானவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 358, புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 399. அதிகபட்சம் 1,000 ரூபாய். இன்றைக்கும் அதே ஆயிரம்தான். அதையும் போலீஸ் கொடுப்பதில்லை, புகார் கொடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். 42 கிரேட் தக்காளிக்கு அது எந்த மூலைக்கு? அந்த வழியை விட்டுவிடுங்கள்.

சித்தேரி வாத்தியார்
செவ்வாய், இரவு 10.15

நம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசும்போது வாச்சாத்தியைச் சொல்லாமல் போக முடியாது. இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

அரூர் வட்டம், சித்தேரி மலையின் அடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைத்து, அங்கிருந்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மீதே வழக்கு. பாலியல் கொடுமையை நாம் பேசுகிறோம், பேச வேண்டும். அந்த அடைப்பை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்கள் அவர்கள்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் விடாமல் நின்றதால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். தர்மபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அதை உறுதி செய்தார். தீர்ப்புக்கு முன் அவரே வாச்சாத்திக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

31 வருஷம். இந்தக் கணக்கைச் சொன்னால் "அவ்வளவு நாள் ஆகுமா" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் அதைச் சொல்வது வேறொன்றுக்காக. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், ஆட்களை அடையாளம் காட்டி, குறுக்கு விசாரணையில் நின்று, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்கள். நம்மிடம் போன் இருக்கிறது, ஏ.ஆர். காப்பி இருக்கிறது, கேமரா இருக்கிறது.

வீரப்பன் தேடுதல் காலத்தையும் நினைவுபடுத்துகிறேன். அதிரடிப்படை பிடித்துக்கொண்டுபோய் வதைத்தவர்களைப் பற்றி, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007 ஜனவரியில் அந்த ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது. பெயர் அந்தப் பட்டியலில் வராமல் போனவர்கள் அதைவிட அதிகம். வராமல் போனதற்குப் பெரிய காரணம், அடைத்து வைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததுதான்.

அந்தக் காலத்தில் யாரையாவது தூக்கிப்போனால் நாங்கள் முதலில் ஓடியது தபால் நிலையத்துக்கு. எஸ்.பி.க்கும் தலைமை நீதிபதிக்கும் தந்தி அடிப்போம். தந்தி ரசீதில் நேரம் இருக்கும். அந்த ரசீதுதான் பின்னால் கோர்ட்டில் பேசும். 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. அதனால் இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போனால், அந்த நிமிஷமே 112க்கு அடியுங்கள், எஸ்.பி. அலுவலகத்துக்கு வாட்ஸ்அப், மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆள் உள்ளே இருக்கும்போதே அனுப்பிய ஒரு வரிக்கு இருக்கும் பலம், வெளியே வந்த பிறகு எழுதும் பத்துப் பக்கத்துக்கு இல்லை.

மலையடிவாரம்
புதன், இரவு 9.30

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஏ.ஆர். காப்பி கிடைத்தது. எஸ்.பி.க்கும் டி.ஐ.ஜி.க்கும் தபால் போட்டாயிற்று. வெள்ளைத் தாளில் தேதி போடவில்லை என்கிறான் தம்பி. அவனை வைத்திருந்தது பின்பக்க அறையில்தான், ஐயா சொன்னது போலவே.

இரண்டு கேள்வி. எவ்வளவு கேட்பது? அப்புறம், பணம் அரசு கஜானாவிலிருந்து வந்தால் அடித்தவருக்கு என்ன நஷ்டம்? அவர் கையிலிருந்து வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அரூர் வக்கீல்
வியாழன், காலை 7.00

எவ்வளவு என்பதற்கு அட்டவணை கிடையாது. மோட்டார் விபத்து வழக்கில் வயது, வருமானம், பெருக்கும் எண் என்று கணக்கு இருக்கிறது. இங்கே நீதிபதியின் மனசுதான் கணக்கு. 1994இல் பொய் வழக்கில் ஐம்பது நாள் உள்ளே இருந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்தது. அதே அளவில் தினக்கூலிக்கு யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆளைப் பார்த்துத் தொகை மாறுவது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அதனால்தான் தக்காளிக் கணக்கு முக்கியம். தோட்டக்காரர்களிடம் எடைச் சீட்டு, மண்டியில் அன்றைய விலை எழுதிய சீட்டு, தம்பியின் ஆறு மாத வண்டி வருமானம் எல்லாம் எடுங்கள். காட்ட முடிந்த நஷ்டத்தை நீதிபதி கழிக்க முடியாது. அதற்கு மேல் வலிக்கும் அவமானத்துக்கும் கேட்பது தனி.

யார் பணம் என்ற கேள்விக்கு வருகிறேன். கஜானாவிலிருந்து வருவதில் எனக்கு வருத்தமில்லை. நாளைக்கு அந்த அதிகாரி வேலையை விட்டாலும், செத்தாலும், ஓட்டாண்டி ஆனாலும் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். அதற்குத்தான் அரசு. கொடுத்த பணத்தை அவரிடம் பிடித்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு இருக்கிறது, டி.கே. பாசுவிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி. மனுவிலேயே "சம்பந்தப்பட்டவரிடம் வசூலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். கேட்காததைக் கொடுக்க மாட்டார்கள்.

வழி எது? ரிட் மனுவில் சர்ச்சையில்லாத உண்மை வேண்டும். அவர்கள் "ஆள் வரவே இல்லை" என்பார்கள், நீதிமன்றம் "அப்படியானால் சிவில் கோர்ட்டுக்குப் போ" என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் முதலில் ஆணையம். அவர்களுக்குச் சொந்தமாகவே விசாரணைப் பிரிவு இருக்கிறது, கேமராப் பதிவையும், ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதும் ஜெனரல் டைரியையும் வரவழைப்பார்கள். ஒரே விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் ஆணையம் கையில் எடுக்காது, அதனால் வரிசை முக்கியம். ஆனால் ஒன்று. சட்டவிரோதமாக அடைத்ததற்கு சிவில் வழக்குப் போட வெளியே வந்த நாளிலிருந்து ஒரே ஒரு வருஷம்தான். அரசுக்கு எதிராக என்பதால் இரண்டு மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். ஆணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அந்த ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்பதாம் மாதம் என்னைக் கூப்பிடுங்கள். பணம் இல்லை என்று தயங்க வேண்டாம், இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அடித்தால் சொல்வார்கள்.

ஓய்வு ஏட்டு
வியாழன், மாலை 5.40

தம்பி பெயரைச் சந்தேக நபர்கள் நோட்டில் ஏற்றியிருக்கிறார்களா என்றும் எஸ்.பி. மனுவில் கேளுங்கள். ஏற்றியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பணம் வந்தும் பெயர் அதில் இருந்தால், அடுத்த எஸ்.ஐ. வந்ததும் மறுபடி கூப்பிடுவார். இது எந்தத் தீர்ப்பிலும் இருக்காது, ஆனால் உங்கள் தம்பியின் வாழ்க்கைக்கு இதுதான் பெரிது.

மலையடிவாரம்
இருபது நாள் கழித்து, ஞாயிறு, இரவு 11.00

ஆணையத்துக்கு மனு அனுப்பிவிட்டோம். ஒப்புகை வந்துவிட்டது, எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். எஸ்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு டி.எஸ்.பி. கூப்பிட்டு விசாரித்தார். மரியாதையாகத்தான் பேசினார். பெட்டிக்கடைக்காரர் சாட்சி சொல்கிறேன் என்கிறார். ஏட்டய்யா, நோட்டு விஷயத்தையும் தனியாக எழுதிக் கொடுத்தோம்.

தம்பிக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவே இல்லை. "விடு அண்ணா" என்பான். ராத்திரி வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப்புறம் போய் நிற்பான். வக்கீல் சார் சொன்னபடி, நடந்ததை மணி வாரியாக எழுதச் சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் தொடவில்லை. அப்புறம் ஒரே ராத்திரியில் பதினாறு பக்கம் எழுதினான்.

அதில் ஒரு இடம். வியாழக்கிழமை மத்தியானம் பின்பக்க அறையில் படுத்திருந்தபோது வாசலில் அம்மா குரல் கேட்டதாம். "அவன் புளிக்குழம்பு சாப்பிட மாட்டான், ரசம்தான் கொண்டுவந்திருக்கேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததாம். கத்தலாம் என்று வாயைத் திறந்து, அம்மா பயந்துவிடும் என்று மூடிக்கொண்டானாம். அந்த ரசம் தனக்கு வரவில்லை என்றும் எழுதியிருக்கிறான்.

மனுவில் அந்த இடத்தை அப்படியே சேர்த்துவிட்டோம்.

அரூர் வக்கீல்
திங்கள், காலை 6.50

அந்த நோட்டின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். அம்மாவிடம் தனியாகக் கேட்டு, அன்றைக்கு அவர் வாசலில் என்ன சொன்னார் என்று வேறொரு தாளில் எழுதி வாங்குங்கள். தம்பி எழுதியதை அவரிடம் முன்கூட்டியே படித்துக் காட்ட வேண்டாம்.

மலையடிவாரம்
திங்கள், இரவு 8.15

கேட்டேன் சார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அக்கா மகள் எழுதினாள். புளிக்குழம்பு, ரசம் இரண்டும் அதில் இருக்கிறது.